ராசாங்கத்துக்கு ஊசி

நாயின் பெயரைத்தானே கேட்டீர்கள், தம்பி? சொல்கிறேன். முதலில் உங்கள் ஆட்டைக் கொஞ்சம் தள்ளிக் கட்டுங்கள். என் துண்டைத் தின்கிறது. ஆட்டைச் சொல்லிக் குற்றமில்லை. கட்டுகிறவன் பார்த்துக் கட்ட வேண்டும்.

இதன் பெயர் ராசாங்கம். பார்த்தீர்களா, சிரிக்கிறீர்கள். சீட்டு எழுதின கம்பவுண்டரும் சிரித்தார். "என்ன பெருசு, மனுசன் பேரா இருக்கு?" என்றார். ஆமாம், மனுசன் பெயர்தான். என் தம்பியின் பெயர். கூடப் பிறந்த தம்பி. அதோ, புங்கமரத்தடிப் பெஞ்சில் குடையை மடியில் வைத்துக்கொண்டு ஒருத்தன் உட்கார்ந்திருக்கிறானே, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு, அவன்தான். திரும்பாதீர்கள்! பார்த்தால் அவனைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெரிந்துவிடும். அவனோடு நான் பேசிப் பதினாறு வருசம் ஆகிறது.

பேசாதவன் ஏன் என்னோடு மாட்டாஸ்பத்திரிக்கு வந்தான் என்று கேட்பீர்கள். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நல்ல காரணம். கடைசியில் சொல்கிறேன். நமக்கு முன்னால் இன்னும் ஆறு சீட்டு இருக்கிறது. அந்த எருமைக்கே அரை மணி நேரம் ஆகும்.

எங்கள் பக்கம் இது ஒன்றும் புதிதில்லை. ஒருத்தன் மேல் கோபம் என்றால் நாய்க்கு அவன் பெயரை வைப்பது. அப்புறம் அவன் காதுபட என்ன வேண்டுமானாலும் திட்டலாம். கேட்க வந்தால், "நான் என் நாயைத் திட்டினேன், உனக்கென்ன?" என்று சொல்லிவிடலாம். என் அய்யா ஒரு கிணற்றுத் தகராறில் அப்படி ஒரு நாய் வளர்த்தார். அது பதினொரு வருசம் இருந்தது. அவர் கோபமும் பதினொரு வருசம் இருந்தது. அதற்கு முன்பே அந்த ஆள் செத்துப்போனார், அது வேறு விசயம்.

என் கோபத்துக்கு வருகிறேன். எனக்கு ஒரே தங்கச்சி, பேச்சி. பேச்சிக்கு ஒரே பெண். அந்தப் பெண்ணுக்கு மூன்று வயசில் குலசாமி கோயிலில் காது குத்து. உங்களுக்கே தெரியும், தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்துவார்கள். மாமன் இரண்டு பேர் இருந்தால் மூத்தவன் மடி. நான் மூத்தவன். வீரணன் என்றால் எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன், முப்பது வருசம் சந்தைக்கு மாடு ஓட்டினேன். முப்பது மாட்டை ஒற்றை ஆளாக, ஒற்றைக் கம்பால் ஓட்டிப் போவேன். ஒன்று விலகாது. என் குரலுக்கு மாடு நிற்கும், நடக்கும்.

அன்றைக்குப் புது வேட்டி கட்டி, தோளில் துண்டு போட்டு, சம்மணம் கூட்டி உட்கார்ந்துவிட்டேன். சொந்தம் முழுக்க நிற்கிறது. ஆசாரி ஊசியோடு தயார். மொட்டை போட்டுச் சந்தனம் பூசின பிள்ளை எதிரே நிற்கிறது. "வாடி இங்க" என்றேன். வரவில்லை. இரண்டாம் தரம் கூப்பிட்டேன். வரவில்லை. மூன்றாம் தரம் சத்தமாகக் கூப்பிட்டேன். பக்கத்தில் கிடந்த கம்பைக்கூடத் தூக்கிக் காட்டினேன், சும்மா விளையாட்டுக்கு. பிள்ளை அலறிக்கொண்டு அவள் அம்மா சேலைக்குள் போய்விட்டது. எல்லோரும் சிரித்தார்கள். பிள்ளையைப் பார்த்துச் சிரித்தார்களா, என்னைப் பார்த்துச் சிரித்தார்களா?

அப்போது வந்தான் ராசாங்கம். கூட்டத்துக்குள்ளிருந்து மெதுவாக வந்தான். பிள்ளைக்குப் பக்கத்தில் குத்தவைத்தான். சட்டைப்பையிலிருந்து ஒரு தேன்மிட்டாய் எடுத்தான். பிள்ளை காதில் ஏதோ சொன்னான். பிள்ளை என்னைப் பார்த்தது. மாட்டேன் என்று தலையை ஆட்டியது. மிட்டாயை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு அவன் மடியில் ஏறி உட்கார்ந்துவிட்டது. நல்ல நேரம் போகிறது என்று சொல்லி ஆசாரி அங்கேயே குத்திவிட்டார்.

விரித்த மடியோடு நான் உட்கார்ந்திருக்கிறேன், தம்பி. காலி மடியோடு!

லஞ்சம். வேறென்ன? மூன்று வயசுப் பிள்ளைக்கு லஞ்சம் கொடுத்து என் மரியாதையை வாங்கினான். பந்தியில் கிடாக்கறி மணக்கிறது. நான் ஒரு வாய் சாப்பிடவில்லை. எழுந்து வேட்டியை உதறிவிட்டு நடந்தே ஊர் வந்தேன். அய்யா வீட்டில் ஆளுக்குப் பாதியாக இருந்தோம். அடுத்த வாரமே நடுவில் சுவர் வைத்தேன். பின்பக்கம் தண்ணீர் ஓடுகிற ஒரு ஓட்டை மட்டும்தான் இரண்டு பக்கத்துக்கும் பொது. அதையும் அடைத்திருப்பேன். தண்ணீர் என் பக்கம்தான் தேங்கும், அதனால் விட்டேன்.

அந்தப் பிள்ளைதான் இப்போது வளர்ந்து நிற்கிறாள். சுகப்பிரியா என்று பெயர். மதுரையில் நாய்களைப் பழக்குகிற இடத்தில் வேலை பார்க்கிறாள். அப்படியும் ஒரு வேலை இருக்கிறது. நாய் வைத்திருக்கிறவன் காரில் கொண்டுவந்து விடுகிறானாம், இவள் அதற்கு உட்கார, நிற்க, கூப்பிட்டால் வரச் சொல்லிக்கொடுக்கிறாளாம். நான் மாடு ஓட்டினபோது ஒருத்தன் காரில் வரவில்லை.

போன ஆனி மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டேன். என் வீட்டுக்காரி போய் நாலு வருசம். தூக்கிவிட ஆள் இல்லை. கிடந்து கத்தினேன். யாரோ சத்தத்தைக் கேட்டுப் பேச்சிக்குப் போன் செய்திருக்கிறார்கள், கதவை உடைத்து ஆட்டோவும் கூட்டிவந்திருக்கிறார்கள். எனக்கு அப்போது நினைவில்லை. யாரென்று இன்றுவரை தெரியாது. பேச்சியைக் கேட்டால், "யாரா இருந்தா ஒனக்கென்ன?" என்கிறாள். யாரோ புண்ணியவான். பக்கத்திலேயே ஒருத்தன் இருக்கிறான், அவன் வருவானா? தெருவில் எங்கோ ஒரு நல்லவன் இருக்கிறான்.

அதற்கு அப்புறம்தான் சுகப்பிரியா இந்த நாயைத் தூக்கிக்கொண்டு வந்தாள். உள்ளங்கையில் அடங்கும் அப்போது.

"மாமா, இது ஒங்க கூடவே இருக்கட்டும். நீங்க விழுந்தா குரைக்கும்."

"நான் ஏண்டி மறுபடியும் விழறேன்?"

"சரி, விழாதீங்க. பேர் சொல்லுங்க, என்ன பேர் வைக்கலாம்?"

யோசிக்கவே இல்லை. "ராசாங்கம்" என்றேன். சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி.

கூட வந்திருந்த பேச்சி தலையில் அடித்துக்கொண்டாள். "அண்ணே, நீ மனுசனா? வாய் கூசல ஒனக்கு?" என்றாள். சுகப்பிரியா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் சிரித்தாள்.

"ராசாங்கம்னே வைங்க மாமா. நல்ல பேர். ஆனா ஒரு சட்டம் இருக்கு."

"என்ன சட்டம்?"

"இந்தப் பேரச் சொல்லித் திட்டக் கூடாது. இந்தப் பேரச் சொல்லி அடிக்கக் கூடாது. பேரச் சொன்னா அதுக்கு நல்லதுதான் நடக்கணும். பேரு, ஒடனே ஒரு துண்டு ஈரல். பேரு, ஒடனே ஒரு துண்டு. ஒரு நாளைக்கு நூறு தடவ."

"அப்பறம் எதுக்குடி இந்தப் பேர வச்சேன்?"

சொல்லுங்கள் தம்பி, நியாயமா? திட்டுவதற்கென்று வைத்த பெயர். அதைச் சொல்லித் திட்டக் கூடாதாம். "அப்ப வேற பேர் வைங்க" என்றாள். நான் வாயை விட்டுவிட்டேனே, மாற்றுவேனா? வீரணன் சொன்னதை மாற்றினான் என்று அந்தப் பக்கம் இருக்கிறவன் நினைக்கவா?

கோழி ஈரலை வேகவைத்து, பொரிகடலை அளவுக்கு நறுக்கிச் சம்படத்தில் வைத்துக்கொண்டேன். "ராசாங்கம்." ஒரு துண்டு. "ராசாங்கம்." ஒரு துண்டு. குரல் வேறு மெதுவாக இருக்க வேண்டுமாம். கொஞ்சுகிற மாதிரி இருக்க வேண்டுமாம். பதினாறு வருசம் வாயில் எடுக்காத பெயரை நாளைக்கு நூறு தடவை கொஞ்சினேன். எதிர்வீட்டுப் பாண்டியம்மா வாசல் தெளிக்க வந்தவள் வாளியை வைத்துவிட்டு நின்றாள்.

"என்ன வீரணண்ணே, தம்பி மேல பாசம் பொத்துக்கிட்டு ஊத்துது?"

"நாயக் கூப்பிடுறேன்."

"நாயத்தான், நாயத்தான். ஈரல் வேற. என் வீட்டுக்காரர் என்னைய ஒருநாள் இப்படிக் கூப்பிட்டதில்ல."

டீக்கடையில் அதைவிட மோசம். "ராசாங்கம் இன்னிக்கு வெளிய போனாரா மாமோய்? வயிறு நல்லாருக்கா?" என்று டீக்கடைக்காரன் கேட்கிறான். கேட்டுவிட்டு நாலு பேரும் சிரிக்கிறார்கள். எல்லாம் சுகப்பிரியாவால்.

சுவரில் காதை வைத்துக் கேட்டேன், அவன் சிரிக்கிறானா என்று. சத்தமே இல்லை. என்ன திமிர் பாருங்கள். ஒரு மனுசன் பெயரை நாய்க்கு வைத்தால் அவனுக்குக் கோபம் வர வேண்டுமா இல்லையா?

உட்காரப் பழக்குவது எப்படி என்று கேளுங்கள். நான் என்றால் முதுகை அமுக்கி, ஒரு தட்டு தட்டுவேன். தட்டக் கூடாதாம், தொடவே கூடாதாம். ஈரலை அதன் மூக்குக்கு முன்னால் பிடித்து, தலைக்கு மேலே பின்பக்கமாக மெதுவாகக் கொண்டுபோக வேண்டும். நாய் அண்ணாந்து பார்க்கும். பார்க்கப் பார்க்கப் பின்பக்கம் தானாகத் தரையில் உட்காரும். உட்கார்ந்த அந்த நொடியில் ஒரு சத்தம் கொடுக்க வேண்டும், உடனே ஈரல். "நீ செஞ்சது சரின்னு அதுக்குத் தெரியணும் மாமா. அப்பறமா குடுத்தா எதுக்குக் குடுத்தோம்னு தெரியாது." அவள் கையில் ஒரு பிளாஸ்டிக் சாமான் வைத்திருக்கிறாள், அமுக்கினால் டக் என்கிறது. எனக்கு அது எதற்கு? மாடு ஓட்டும்போது நாக்கை மேலண்ணத்தில் தட்டுவோமே, டக் என்று, அதைச் செய்தேன். பிள்ளை அசந்துபோனாள். "மாமா! இத எங்க முதலாளிகூட இவ்வளவு சுத்தமாச் செய்ய மாட்டார்!" என்றாள்.

சும்மா சொல்லக் கூடாது, அவள் நல்ல பிள்ளை. நான் சரியாகச் செய்தால் அப்போதே கடலைமிட்டாயில் ஒரு துண்டு உடைத்துக் கொடுப்பாள். சத்தம் போட்டால் கொடுக்க மாட்டாள், எழுந்து அந்தப் பக்கம் போய்விடுவாள். நானும் சத்தம் போடுவதைக் குறைத்துக்கொண்டேன். மரியாதை தெரிந்த பிள்ளை, மாமனுக்கு என்ன பிடிக்கும் என்று பார்த்துச் செய்கிறாள். இந்த நாய்தான் ஒரு துண்டு ஈரலுக்கு எதையும் செய்யும். வெட்கம் கெட்டது.

இருபது நாளில் உட்கார்ந்தது. உட்கார் என்றால் உட்காரும், இரு என்றால் இருக்கும். "ராசாங்கம், வா" என்றால் எங்கிருந்தாலும் காது பறக்க ஓடிவந்து என் காலடியில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்க்கும். நான் கூப்பிட்டு ஒன்று என்னிடம் ஓடி வருகிறது. பாண்டியம்மா பார்த்தாள். டீக்கடைக்காரன் பார்த்தான். அந்தப் பக்கம் இருக்கிறவனுக்கும் கேட்டிருக்கும்.

அதை நானே கெடுத்தேன் என்று சுகப்பிரியா சொல்கிறாள். நீங்களே சொல்லுங்கள்.

என் வீட்டுக்காரியின் செருப்பு வாசலில் கிடக்கும். நாலு வருசமாக அங்கேயேதான் கிடக்கிறது. நான் எடுக்கவில்லை. வெளியே போய் வந்தால் முதலில் அதுதான் கண்ணில் படும். ஒருநாள் ரேசன் கடைக்குப் போய் வந்து பார்க்கிறேன், ஒரு செருப்பின் வாரைக் கடித்துக் கூழாக்கி வைத்திருக்கிறது. எனக்குக் கண் இருட்டிவிட்டது. நாய் கொல்லைப்பக்கம் இருந்தது. கத்தினால் ஓடிவிடும் என்று தெரியும். அதனால் மெதுவாக, அவள் சொல்லிக்கொடுத்த அதே குரலில், "ராசாங்கம், வா" என்றேன். ஓடி வந்தது. வாலை ஆட்டிக்கொண்டு வந்து, என் முன்னால் ஒழுங்காக உட்கார்ந்து, என் கையைப் பார்த்தது. அந்தக் கையில் கம்பு இருந்தது. இரண்டு போட்டேன்.

கீச்சென்று ஒரு சத்தம். அந்தத் தண்ணீர் ஓட்டை வழியாக அந்தப் பக்கம் போய்விட்டது. போனது போனதுதான். கூப்பிட்டேன், வரவில்லை. சம்படத்தைத் தட்டினேன், வரவில்லை. என் குரல் கேட்டாலே அவன் கட்டிலுக்கு அடியில் போகிறது என்று பாண்டியம்மா வந்து சொன்னாள்.

சுகப்பிரியாவுக்குப் போன் செய்தேன். என்னைச் சமாதானம் செய்வாள் என்று பார்த்தேன்.

"மாமா, நீங்க கூப்பிட்டதும் வந்துச்சா?"

"வந்துச்சு."

"வந்து ஒக்காந்துச்சா?"

"ஒக்காந்துச்சு."

"அப்ப எதுக்கு அடி வாங்குச்சு?"

"செருப்பக் கடிச்சதுக்கு."

"இல்ல மாமா. வந்ததுக்கு."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவளையும் இரண்டு போட்டிருப்பேன், பக்கத்தில் இருந்திருந்தால். நேற்றுப் பிறந்தவள் எனக்குச் சொல்கிறாள். ஆனாலும் நாய் அங்கே இருக்கிறது. அவன் வீட்டில் இருக்கிறது. மறுபடியும், தம்பி! மறுபடியும் என் மடி காலி, அவன் மடி நிறைவு. ஊரே பார்க்க!

"என்ன செய்யணும், சொல்லு" என்றேன்.

முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னாள். கம்பை வீட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டும். அவன் வாசலுக்கு வெளியே குத்தவைக்க வேண்டும். நாயை நேராகப் பார்க்கக் கூடாது, பக்கவாட்டில் உட்கார வேண்டும். வா என்று கூப்பிடவே கூடாது. பெயரை மட்டும் ஒரே ஒரு தடவை, மெதுவாகச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு ஒரு துண்டு ஈரலைக் கொஞ்ச தூரத்தில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட வேண்டும். காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம்.

இந்த முட்டியை வைத்துக்கொண்டு. இந்த வயசில். அந்த வாசலில். பதினாறு வருசம் என் நிழல்கூடப் படாத வாசலில் குத்தவைத்து, "ராசாங்கம்" என்றேன். சாயங்காலம் போய், "ராசாங்கம்" என்றேன். பேருந்துக்குப் போகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். "மன்னிப்புக் கேக்குறாரு போல" என்று ஒருத்தி சொல்கிறாள். மன்னிப்பு! நானா! அவன்தான் என் காலில் விழ வேண்டும். நான் நாயைக் கூப்பிட வந்தவன்.

அவனைச் சொல்கிறேன், கேளுங்கள். அவன் பெண்டாட்டி திருப்பூரில் பேரனைப் பார்க்கப் போயிருக்கிறாள், அவன் தனியாகத்தான் இருக்கிறான். என் நாய் அவன் வீட்டில் இருக்கிறது. ஒரு பருக்கை போடவில்லை! தண்ணீர் மட்டும் வைத்தானாம். "பாவம் பசிக்குது, கொஞ்சம் சோறு போடுங்க" என்று பாண்டியம்மா கேட்டதற்கு, "போட்டா அது இங்கேயே தங்கிரும் தாயி" என்றானாம். எப்படிப்பட்ட கல்நெஞ்சு! அதோடு விட்டானா? அது மடியில் ஏற வந்தால் எழுந்து கதவைச் சாத்திக்கொள்வானாம். நான் போகிற நேரத்தில் கட்டிலைத் தூக்கிச் சுவரில் சாத்திவிடுவான், அது ஒளிய இடமில்லாமல். ஒரு வாயில்லா ஜீவனை இப்படியா விரட்டுவது? என் பெயரைக் கெடுக்க நாயைப் பட்டினி போடுகிறான் என்று எனக்கு ஒரே கொதிப்பு. அதற்காகவே நறுக்காமல் ஈரலை முழுசாகவே வைத்தேன். நான் வைக்கிற ஈரல்தான் அதற்குச் சோறு.

அந்த வாரம் சுகப்பிரியா வந்திருந்தாள். நான் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"மாமா, என் காதுகுத்துல சின்ன மாமா என் காதுல என்ன சொன்னாருன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?"

"எனக்கு ஞாபகம் இல்ல. அம்மாதான் சொல்லும். 'பெரிய மாமா மடியில போய் ஒக்காரு, இந்த மிட்டாய் ஒனக்குத்தான்'னு சொன்னாராம். நான் மாட்டேன்னு தலைய ஆட்டிட்டு அவர் மடியிலேயே ஏறிட்டேனாம்."

பதினாறு வருசம் கழித்து ஒரு கதை கட்டுகிறார்கள். அம்மாவும் மகளும் உட்கார்ந்து யோசித்திருப்பார்கள். பிள்ளை என்னைப் பார்த்துத் தலையை ஆட்டியது எனக்கும் ஞாபகம் இருக்கிறது. அதனால் என்ன? அன்றைக்குத் தைலம் அதிகமாகிவிட்டது, கண்ணெல்லாம் எரிந்தது. அவ்வளவுதான்.

பதினோராம் நாள் நாய் வாசல்படி வரைக்கும் வந்தது. நான் பார்க்கவில்லை, பக்கவாட்டில்தான் இருந்தேன். ஈரலை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். திரும்பிப் பார்க்காமல் வருவதற்கு எவ்வளவு பலம் வேண்டும் தெரியுமா? மாட்டைப் பிடித்து நிறுத்த அவ்வளவு வேண்டாம். பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் குத்தவைத்து, "ராசாங்கம்" என்றேன். உள்ளே நாற்காலி அசைகிற சத்தம். அவன் எழுந்திருக்கிறான் போல. ஈரல் இருந்த கையைக் கீழே வைக்க மறந்து அப்படியே நீட்டிக்கொண்டிருந்தேன். விரலில் ஈரமாக ஏதோ பட்டது. மூக்கு. தின்றுவிட்டு ஓடும் என்று பார்த்தேன். ஓடவில்லை. என் தொடை மேல் காலை வைத்து, மடிக்குள் ஏறி, ஒரு சுற்றுச் சுற்றிப் படுத்துக்கொண்டது.

எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. ஊரைக் கூட்ட வேண்டும் போல இருந்தது. கத்தக் கூடாது என்று சட்டம்.

உள்ளேயிருந்து அவன் குரல். "வந்துருச்சா?"

நாக்கை மட்டும் டக் என்று தட்டினேன். நாய்க்குத்தான் தட்டினேன்.

இப்போது இன்றைக்கு வருகிறேன். குட்டிக்கு வெறிநாய் ஊசி போட வேண்டும். சுகப்பிரியாவுக்கு லீவு இல்லை, போனில் சொன்னாள்: "ஊசி போடுறப்ப நீங்க பிடிக்காதீங்க மாமா. இப்பத்தான் ஒங்ககிட்ட வந்திருக்கு. பிடிக்கிறவங்க மேல பயம் வந்துரும். வேற யாராச்சும் மடியில வச்சுப் பிடிக்கட்டும். ஊசி எறங்குனதும் நீங்க ஈரல் குடுங்க."

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. வேறு யாராவது மடி. யார் மடி? பதினாறு வருசமாக நான் தேடின வழி தானாக வந்து நிற்கிறது! அன்றைக்கு மடியில் வைத்துக்கொண்டான் அல்லவா, இன்றைக்கும் வைத்துக்கொள்ளட்டும். வலி அவன் மடியில். ஈரல் என் கையில். நாய்க்கு ஜென்மத்துக்கும் அவனைப் பிடிக்காமல் போகட்டும்.

இன்னொன்றும் இருக்கிறது, கேளுங்கள். அவனுக்கு ஊசி என்றால் உயிர் போய்விடும். பள்ளிக்கூடத்துக்கு அம்மை ஊசிக்காரர் வந்தால் என் முதுகுக்குப் பின்னால் வந்து ஒளிவான். அவன் இரண்டாம் வகுப்பு, நான் மூன்றாம் வகுப்பு. அவன் முறை வந்தபோது என் இன்னொரு கையைக் காட்டி அவனுடையதையும் நானே போட்டுக்கொண்டேன். மூன்று நாள் காய்ச்சல். அந்த நன்றி இருந்ததா அவனுக்கு? அதையெல்லாம் யோசித்துத்தான் அவனைத் தேர்ந்தெடுத்தேன்.

நேற்றுக் கொல்லைச் சுவருக்கு மேலே தலையை நீட்டினேன். "நாளைக்கு நாய்க்கு ஊசி. பிடிக்க ஆள் வேணும். ஒம்பது மணி" என்றேன். பேசினதாக நினைக்காதீர்கள். தகவல் சொன்னேன். அவன் எதுவும் கேட்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினான். இன்றைக்கு எட்டு மணிக்கே வந்து வாசலில் நிற்கிறான், தலைக்கு எண்ணெய் வைத்து, சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, கல்யாணத்துக்குப் போகிறவன் மாதிரி. ஆட்டோவில் அந்த ஓரம் அவன், இந்த ஓரம் நான், நடுவில் நாய். ஒரு வார்த்தை பேசவில்லை. பள்ளம் வந்தபோது மட்டும், "கம்பியப் பிடிச்சுக்கண்ணே" என்றான். நான் ஏற்கெனவே பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

எருமை போய்விட்டதா? கூப்பிடுகிறார்கள், கேளுங்கள். "ராசாங்கம்! நாய்க்குட்டி, ராசாங்கம்!"

வருகிறான் பாருங்கள். குடையைப் பெஞ்சிலேயே விட்டுவிட்டான். நாயைத் தூக்கிக்கொண்டு போடா, போ. நான் இங்கேயே இருப்பேன். கதவு திறந்துதான் இருக்கிறது, எல்லாம் தெரியும். உட்கார்ந்துவிட்டான். மடியில் வைத்துவிட்டான். டாக்டரம்மா ஊசியை எடுக்கிறார்கள். பாருங்கள், பாருங்கள், எப்படிப் பிடிக்கிறான் என்று! நாயையா பிடித்திருக்கிறான்? அவனே நடுங்குகிறான். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான், அதே பழைய பயல். வேர்த்து ஊற்றுகிறது. மயக்கம் போட்டு விழப்போகிறான். நாய் நழுவப் போகிறது. ஒரு வேலைக்கு லாயக்கில்லாதவன். அன்றைக்கும் நான்தான் போக வேண்டியிருந்தது, இன்றைக்கும் நான்தான் போக வேண்டும்.

இந்தாருங்கள் தம்பி, இந்தக் கம்பைக் கொஞ்சம் பிடியுங்கள். உள்ளே கொண்டுபோனால் மிரளும். எனக்கு இரண்டு கையும் வேண்டும். ஆட்டிடம் கொடுத்துவிடாதீர்கள், திரும்பி வந்து வாங்கிக்கொள்வேன். எந்தக் கோபமும் தீரவில்லை, சொல்லிவிட்டேன்.

டேய் ராசாங்கம்! கண்ணத் தொறடா. நான் வர்றேன்.